விவிலியக் கடன் சட்டங்களும் அவற்றின் வரலாற்றுத் தாக்கமும்: வட்டித் தடையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எபிரேய விவிலியத்தின் சட்டத் தொகுப்புகள் வறியவருக்குக் கொடுக்கும் கடனுக்கு வட்டி வாங்குவதைத் தடை செய்கின்றன. ஏழாண்டுக்கு ஒருமுறை கடன் விடுதலையையும் விதிக்கின்றன. யூதரும் கிறித்தவரும் இவ்விதிகளை இறைக்கட்டளையாக ஏற்றனர். ஆயினும் அவ்விரு சமூகங்களிலும் வட்டித்தொழில் நின்றுவிடவில்லை. எனவே இச்சட்டங்கள் ஏட்டளவில் நின்றவை எனக் கொள்ளலாமா என்னும் வினா எழுகிறது. சட்ட நூல்கள், தொல்லியல் சான்றுகள், யூத அறிஞர்களின் தீர்ப்புகள், திருச்சபைச் சங்கங்களின் விதிகள், இங்கிலாந்தின் நாடாளுமன்றச் சட்டங்கள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. தடை வட்டியை ஒழிக்கவில்லை. மாறாக, கடன் கொடுப்பவர் தம் ஆதாயத்திற்குக் காரணம் கூறியாக வேண்டும் என்ற கடப்பாட்டை உருவாக்கியது என்பதும், அச்சட்டத்தின் வரலாறு ‘சகோதரன்’, ‘அந்நியன்’ ஆகிய இரு சொற்களுக்குப் பொருள் கண்ட வரலாறே என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: விவிலியச் சட்டம், வட்டி, கடன் விடுதலை, உபாகமம், புரோஸ்புல், திருச்சபைச் சட்டம், யூபிலி.

1. முன்னுரை

பண்டைச் சமயச் சட்டங்களுள் உணவு, தூய்மை, பலி ஆகியவை பற்றியவை ஒரு சமூகத்தின் எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. கடன் பற்றிய சட்டம் அவ்வாறு நிற்பதில்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டில் விதைநெல்லுக்கும் வரிக்கும் கடன் வாங்காத உழவர் சமூகம் இல்லை. ஆகவே கடனைப் பற்றி இறைவன் பெயரால் விதிக்கப்பட்ட சட்டம், அதனை ஏற்ற ஒவ்வொரு சமூகத்தின் நிலவுடைமையோடும் வணிகத்தோடும் அரசின் கருவூலத்தோடும் மோத வேண்டியதாயிற்று. விவிலியத்தின் வட்டித் தடை ஏறத்தாழ 2500 ஆண்டுகள் இத்தகைய மோதலைச் சந்தித்துள்ளது. அதன் போக்கை முக்கியக் கட்டங்களின்வழிக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். விவிலிய நூற்பெயர்கள் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினரிடையே வழங்கும் வடிவில் தரப்படுகின்றன. கத்தோலிக்கர் வழக்கில் யாத்திராகமம் ‘விடுதலைப் பயணம்’ எனவும், லேவியராகமம் ‘லேவியர்’ எனவும், உபாகமம் ‘இணைச் சட்டம்’ எனவும் வழங்கும்.

2. மூன்று சட்டத் தொகுப்புகள்

ஐந்நூல்களில் கடன் பற்றிய விதிகள் மூன்று இடங்களில் அமைந்துள்ளன. முதலாவது, உடன்படிக்கைச் சட்டம் என ஆய்வாளர் அழைக்கும் பகுதியில் உள்ள யாத்திராகமம் 22:25-27. ஏழைக்குப் பணம் கொடுப்பவர் கடன்காரரைப் போல் அவரை நெருக்கலாகாது, வட்டி சுமத்தலாகாது என்றும், மேலாடையை அடகாகப் பெற்றால் கதிரவன் மறையுமுன் திருப்பித் தர வேண்டும் என்றும் அது விதிக்கிறது. இரவில் போர்த்துக்கொள்ள ஏழைக்கு அந்த ஆடையன்றி வேறில்லை என்பதே அங்குக் கூறப்படும் காரணம்.

இரண்டாவது, உபாகமம். இதன் 23:19-20 பணம், தானியம், பிற பொருள் எதற்கும் சகோதரனிடம் வட்டி வாங்கக் கூடாது என்றும், அந்நியனிடம் வாங்கலாம் என்றும் கூறுகிறது. 15-ஆம் அதிகாரம் ஒவ்வோர் ஏழாம் ஆண்டின் இறுதியிலும் கடனை விட்டுவிடும்படி ஆணையிடுகிறது. இதற்கு எபிரேயத்தில் ‘ஷெமித்தா’ என்று பெயர். கடன் முற்றிலும் நீங்குமா, அவ்வாண்டில் மட்டும் வசூல் நிறுத்தப்படுமா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர். விடுதலை ஆண்டு நெருங்குகிறது என்று கணக்கிட்டுக் கடன் தர மறுப்பவரின் உள்ளத்தையும் அந்த அதிகாரம் முன்கூட்டியே கண்டிக்கிறது. திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது, அடகைப் பெற வீட்டினுள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்னும் விதிகள் 24-ஆம் அதிகாரத்தில் உள்ளன.

மூன்றாவது, லேவியராகமம் 25. வறுமையுற்ற சகோதரனைத் தாங்கவேண்டும்; அவனிடம் வட்டியும் கூடுதலும் பெறலாகாது என்கிறது இது. 50-ஆம் ஆண்டாகிய ‘யோபேல்’ அல்லது யூபிலி ஆண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும் என்றும், கடனால் அடிமைப்பட்டவர் விடுதலை பெறுவர் என்றும் இதே அதிகாரம் கூறுகிறது. யூபிலி முழு அளவில் நடைமுறையில் இருந்ததற்கு நேரடிச் சான்று கிடைக்கவில்லை. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடும் வழக்கம் இருந்தமைக்கு மக்கபேயர் முதல் நூலும் வரலாற்றாசிரியர் யோசேப்பசும் சான்று பகர்கின்றனர்.

வட்டியைக் குறிக்க இந்நூல்கள் இரு சொற்களைப் பயன்படுத்துகின்றன. ‘நெஷெக்’ என்பது ‘கடித்தல்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. ‘தர்பித்’ என்பது ‘பெருகுதல்’ என்னும் பொருளது. பெருக்கத்தைக் கொண்டு வட்டிக்குப் பெயரிடும் வழக்கம் பரவலானது. வடமொழியின் ‘விருத்தி’யும் தமிழ்க் கல்வெட்டுகளின் ‘பொலிசை’யும் அவ்வகையின. கிரேக்கத்தில் வட்டிக்கு வழங்கிய ‘தொகோஸ்’ ஈன்ற குட்டியைக் குறிக்கும். இவை கொடுத்தவரின் பக்கம் நின்று பெருக்கத்தைக் காணும் பெயர்கள். எபிரேயத்தின் ‘நெஷெக்’ வாங்கியவரின் பக்கம் நின்று கடியைக் காண்கிறது.

3. மெசொப்பொத்தேமியப் பின்னணி

இச்சட்டங்கள் வெறுவெளியில் தோன்றவில்லை. கி.மு. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோனிய வேந்தர் ஹம்முராபியின் சட்டம் வட்டியை ஏற்று, அதற்கு உச்ச வரம்பு விதித்தது. தானியக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கும் வெள்ளிக் கடனுக்கு ஐந்தில் ஒரு பங்கும் வட்டியாகப் பெறலாம். புயலாலோ நீரின்மையாலோ விளைச்சல் அழிந்த ஆண்டில் வட்டி இல்லை என்று அதன் 48-ஆம் பிரிவு கூறுகிறது. கடனுக்காக ஒப்படைக்கப்பட்ட மனைவியோ மக்களோ மூன்றாண்டு உழைத்தபின் நான்காம் ஆண்டில் விடுதலை பெற வேண்டும் என்பது 117-ஆம் பிரிவு.

கடன் நீக்கமும் அங்குப் புதிதன்று. ஹம்முராபி மரபில் வந்த அம்மிசதுக்கா கி.மு. 17-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட ஆணை, வறுமையால் வாங்கிய கடன்களை நீக்கியது; வணிகக் கூட்டுக்காகக் கொடுத்த முதலீட்டை விலக்கியது. இத்தகைய விடுதலையைக் குறித்த அக்காதியச் சொல் ‘அந்துராரு’. லேவியராகமம் 25:10 யூபிலி விடுதலையைக் குறிக்கும் ‘தெரோர்’ என்னும் எபிரேயச் சொல் இதன் இனச்சொல்லாகும்.

இவ்வொற்றுமையினூடே ஒரு வேறுபாடு முனைப்பாகத் தெரிகிறது. பாபிலோனில் கடன் நீக்கம் அரசரின் கொடை. அரியணை ஏறிய ஆண்டிலோ, தாம் வேண்டிய வேறொரு காலத்திலோ அரசர் அதனை அறிவித்தார், அறிவிக்காமலும் இருக்கலாம். உபாகமத்தில் அது நாட்காட்டியில் இடம்பெற்ற கடமையாகிறது. அரசரின் மனநிலையைச் சாராமல் ஏழாம் ஆண்டு வந்தே தீரும். இம்மாற்றம் சட்டத்துக்கு உறுதியைத் தந்தது. புதிய சிக்கலையும் தந்தது. எதிர்பாராமல் வரும் நீக்கத்துக்கு ஏற்பக் கடன் கொடுப்பவர் திட்டமிட முடியாது. நாள் குறித்து வரும் நீக்கத்துக்கு ஏற்பத் திட்டமிட முடியும். உபாகமம் 15:9-இன் எச்சரிக்கை இச்சிக்கலை அச்சட்டத்தை எழுதியோரே உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

4. சட்டமும் நடைமுறையும்

கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் இறைவாக்கினரான ஆமோஸ், அடகாகப் பெற்ற ஆடைகளின்மேல் பலிபீடத்தருகே படுத்துக்கிடப்போரைக் கண்டிக்கிறார். ஏறத்தாழ கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த மட்கல ஓடு ஒன்று 1960-இல் மத்தியதரைக்கடற்கரையிலுள்ள யாவ்னே-யாம் அருகே கண்டெடுக்கப்பட்டது. அறுவடைத் தொழிலாளி ஒருவர் அதிகாரிக்கு எழுதுவித்த முறையீடு அது. தனக்கு இட்ட வேலையை முடித்த பின்னும் ஒருவர் தன் ஆடையைப் பறித்துக்கொண்டார் என்றும், உடன் அறுத்தவர்கள் தனக்குச் சாட்சி என்றும், ஆடையை மீட்டுத்தர வேண்டும் என்றும் அவர் வேண்டுகிறார். அவர் எந்தச் சட்ட நூலையும் சுட்டவில்லை. எனினும் ஆடையைப் பறிப்பது முறையிடத்தக்க அநீதி என்னும் உணர்வு, எழுத்தறியாத உழைப்பாளரிடமும் நிலவியதை அவ்வோடு காட்டுகிறது.

மறுபக்கச் சான்று எகிப்தின் எலிஃபண்டைன் தீவிலிருந்து வருகிறது. பாரசீகப் பேரரசின் காவற்படையாக அங்குக் குடியிருந்த யூதர்களின் அரமேய ஆவணங்களுள் கி.மு. 456-ஆம் ஆண்டின் கடன் முறி ஒன்று உள்ளது. யெஹோஹேன் என்னும் பெண் மெஷுல்லாம் என்பவரிடம் 4 ஷெக்கேல் வெள்ளி பெறுகிறார். வட்டி மாதம் 5 விழுக்காடு. வட்டி தவறினால் அது முதலோடு சேர்ந்து தானும் வட்டி ஈனும். இருவரும் யூதர். ஐந்நூல்களின் தடையை அவர்கள் அறிந்ததற்கான அடையாளம் அம்முறியில் இல்லை.

அதே நூற்றாண்டில் எருசலேமில் நிகழ்ந்ததை நெகேமியா நூலின் 5-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. பஞ்சத்துக்குத் தானியம் வாங்கவும் பாரசீக அரசருக்கு வரி செலுத்தவும் மக்கள் வயல், திராட்சைத் தோட்டம், வீடு ஆகியவற்றை அடகு வைத்தனர். பின்னர்ப் பிள்ளைகளை அடிமைகளாக்கினர். ஆளுநர் நெகேமியா பேரவையைக் கூட்டி, நிலங்களையும் வாங்கிய நூற்றிலொரு பங்கையும் திருப்பித்தருமாறு செல்வரைச் சத்தியம் செய்வித்தார். தாமும் தம் உறவினரும் கடன் கொடுத்திருந்ததை அவர் மறைக்கவில்லை. அவர் முன்வைத்த வாதம் சட்டத்தின் இலக்கத்தைச் சார்ந்ததன்று. கடனாளிகளும் நம் சகோதரர் என்பதைச் சார்ந்தது. கடனின் வேரில் வறட்சியோடு வரியும் இருந்தது என்பது இங்குக் குறிக்கத்தக்கது. அவ்வரியை நீக்கும் அதிகாரம் நெகேமியாவிடம் இல்லை.

5. ஹில்லேலும் புரோஸ்புலும்

உபாகமம் அஞ்சியது ரோமானியர் காலத்தில் நடந்தேறியது. ஏழாம் ஆண்டு நெருங்கும்போது செல்வர் கடன் தர மறுத்தனர் என்று கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா கூறுகிறது. இதனைக் கண்ட அறிஞர் ஹில்லேல் ‘புரோஸ்புல்’ என்னும் ஏற்பாட்டை நிறுவினார். கடன் கொடுத்தவர் தமக்கு வரவேண்டியதை வேண்டும்போது வசூலிக்கும் உரிமையை நீதிமன்றத்தின் முன் எழுத்தில் பதிவு செய்தால், ஏழாம் ஆண்டு அக்கடனை நீக்காது. தனியொருவர் தம் சகோதரனிடம் வசூலிப்பதையே சட்டம் தடுக்கிறது. நீதிமன்றத்திடம் ஒப்படைத்த கடன் அத்தடையில் அடங்காது என்பது இதன் அடிப்படை. கடனாளிக்குச் சிறிதேனும் நிலம் இருந்தால்தான் புரோஸ்புல் எழுதலாம் என்றும் மிஷ்னா வரையறுத்தது.

யூதேயப் பாலைநிலத்து முரப்பாத் குகையில் கிடைத்த அரமேயக் கடன் முறி ஒன்று நீரோவின் 2-ஆம் ஆட்சியாண்டைச் (கி.பி. 55/56) சேர்ந்தது. ஏழாம் ஆண்டே ஆயினும் கடனைத் திருப்பித்தருவதாகக் கடனாளி அதில் உறுதி கூறுகிறார். ஆகவே விடுதலை ஆண்டின் விளைவை ஒப்பந்தத்தால் கடக்கும் முயற்சி நூலளவில் நின்றதன்று.

புரோஸ்புலை இருவகையாக மதிப்பிடலாம். ஏழைக்குக் கடன் கிடைக்கும் வழியை அது திறந்தது. ஏழைக்கு இருந்த விடுதலையை அதுவே அடைத்தது. இம்முரண்பாட்டை யூத மரபு மூடி மறைக்கவில்லை. பாபிலோனியத் தால்முதின் கித்தின் பகுதியில், புரோஸ்புல் நீதிபதிகளின் அத்துமீறல், தம்மால் இயன்றால் அதனை நீக்கிவிடுவதாகச் சாமுவேல் என்னும் அறிஞர் கூறுகிறார். நாக்மான் என்பவர் அதனை மேலும் உறுதிப்படுத்த விரும்புகிறார். இரு கருத்தும் ஒரே பக்கத்தில் பதிவாகியுள்ளன.

கடன் விடுதலையைத் தளர்த்திய அதே மரபு வட்டித் தடையை இறுக்கியது. கடன் கொடுத்தவர் கடனாளியின் முற்றத்தில் வாடகையின்றிக் குடியிருக்கக் கூடாது, அதுவும் வட்டியே. வட்டிக் கடனில் கொடுத்தவர், வாங்கியவர், பிணை நின்றவர், சாட்சிகள் என அனைவரும் குற்றவாளிகள். எழுதிக்கொடுத்தவரும் குற்றவாளியே என்பது அறிஞர் கருத்து. வட்டிக்குக் கொடுப்பவரின் சாட்சியம் நீதிமன்றத்தில் செல்லாது. வெளிப்படையாக வட்டி அல்லாத, ஆயினும் வட்டியின் சாயல் படிந்த ஆதாயங்களைத் தால்முது ‘வட்டியின் தூசு’ என்றே வகைப்படுத்தியது.

6. திருச்சபையில் வட்டித் தடை

கிறித்தவத் திருச்சபை பழைய ஏற்பாட்டின் உணவு விதிகளையும் விருத்தசேதனத்தையும் கைவிட்டது. வட்டித் தடையைக் கைவிடவில்லை, விரிவாக்கியது. திரும்பப்பெறும் எதிர்பார்ப்பின்றிக் கடன் கொடுக்கும்படி இயேசு அறிவுறுத்துவதாக லூக்கா 6:35 அமைந்துள்ளது. மத்தேயு 25-இல் வரும் தாலந்து உவமையில் பணத்தை வட்டிக்கு விடாத ஊழியனை எசமானர் கடிந்துகொள்கிறார். ஆயினும் உவமையைச் சட்டமாகக் கொள்ளாமல் லூக்காவின் கூற்றையே திருச்சபைத் தந்தையர் அடிப்படையாகக் கொண்டனர்.

கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் 17-ஆம் விதி, வட்டி வாங்கும் குருக்களைப் பதவிநீக்கம் செய்ய ஆணையிட்டது. 789-இல் சார்லமேன் வெளியிட்ட பொது அறிவுரை தடையைப் பொதுமக்களுக்கும் விரித்தது. 1179-இன் மூன்றாம் லாத்தரன் சங்கம் வெளிப்படையாக வட்டித்தொழில் செய்வோருக்கு நற்கருணையையும் கிறித்தவ அடக்கத்தையும் மறுத்தது. 1311-12-இன் வியன் சங்கம், வட்டி பாவமன்று எனப் பிடிவாதமாக வாதிடுவோரைச் சமயப் பகைவராகத் தண்டிக்க ஆணையிட்டது.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இத்தடைக்கு அறிவு சார்ந்த காரணம் தந்தார். வீட்டைப் பயன்படுத்தினால் வீடு எஞ்சும். ஆகவே வாடகை முறையானது. திராட்சை மதுவைப் பயன்படுத்தினால் மது தீர்ந்துவிடும். மதுவுக்கு ஒரு விலையும் அதன் பயன்பாட்டுக்கு மற்றொரு விலையும் கேட்பது இல்லாத ஒன்றை விற்பதாகும். பணமும் செலவாகித் தீர்வது. அதன் பயன்பாட்டுக்குத் தனி விலை கேட்பதும் அத்தகையதே என்பது அவர் வாதம்.

தடை கடுமையானபோது விலக்குகளும் நுண்மையாயின. கடன் கொடுத்ததால் நேர்ந்த இழப்புக்கும், குறித்த நாளில் திருப்பித் தராததால் விளைந்த நட்டத்துக்கும் ஈடு பெறலாம் எனச் சட்ட அறிஞர் ஏற்றனர். இந்த ஈட்டுக்கு இலத்தீனில் ‘இன்டெரெஸ்ஸே’ என்று பெயர். வட்டியைக் குறிக்கும் ‘இன்டரஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் இதிலிருந்து பிறந்தது. தடைசெய்யப்பட்டதன் பெயர் ‘ஊசுரா’. ஏற்கப்பட்டதன் பெயர் ‘இன்டெரெஸ்ஸே’. இன்று வட்டிக்கு உலகமெங்கும் வழங்கும் சொல், தொடக்கத்தில் வட்டியன்று என்று நிறுவுவதற்காகப் பயன்பட்ட சொல்லாகும்.

ஏழைகளுக்கான அடகு நிதி நிலையங்களும் இக்காலத்தில் தோன்றின. 1462-இல் இத்தாலியின் பெருஜியாவில் பிரான்சிஸ்கன் துறவியர் ஊக்கத்தால் அத்தகைய நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஊழியர் ஊதியத்துக்கும் நிலையச் செலவுக்கும் சிறுதொகை பெறுவது வட்டியா என்று நெடுநாள் வழக்கு நிகழ்ந்தது. 1515-இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அது வட்டியன்று எனத் தீர்த்தது.

7. அந்நியன் யார்?

உபாகமம் 23:20 அந்நியனிடம் வட்டி வாங்க இசைவளித்தது. அங்குள்ள எபிரேயச் சொல் ‘நொக்ரி’. இஸ்ரவேலரிடையே தங்கி வாழ்ந்த வெளியாரைக் குறிக்கும் ‘கேர்’ என்னும் சொல் இதனின் வேறானது. நொக்ரி வணிகத்தின்பொருட்டு வந்துபோகும் அயல்நாட்டார் என்றும், அவருக்குக் கொடுப்பது பிழைப்புக் கடனன்று, வணிகக் கடன் என்றும் ஆய்வாளர் பலர் விளக்குவர். அவ்விளக்கத்தின்படி அவ்வசனம் பகைமையைப் போதிப்பதன்று.

பின்வந்தோர் அவ்வாறு படிக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ், அந்நியன் என்பவன் போரில் கொல்லத்தக்க பகைவன் எனவும், அவனிடம் மட்டுமே வட்டி தகும் எனவும் எழுதினார். கிறித்துவில் மாந்தர் அனைவரும் சகோதரர் ஆதலால் அவ்விலக்கு முடிந்துபோயிற்று என்பது ஜெரோம் முதலியோர் கொள்கை. இடைக்கால ஐரோப்பாவில் யூதரும் கிறித்தவரும் ஒருவரையொருவர் இவ்வசனத்தின்வழி நோக்கினர். நிலவுடைமையும் தொழிற்குழுக்களும் பல இடங்களில் யூதருக்கு மூடப்பட்டன. அரசர் அவர்கள்மீது கனத்த வரி விதித்தனர். இந்நிலையில் பிறழ்வின்றி வாழ வேறு வழியில்லை என்பதையும் அரச வரியின் சுமையையும் காட்டி, 12-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு யூத அறிஞர்கள் பிற சமயத்தாரிடம் வட்டி வாங்குவதை நியாயப்படுத்தினர். யூதர் அனைவரும் வட்டித்தொழில் செய்தனர் என்பதும், வட்டித்தொழில் செய்தோர் அனைவரும் யூதர் என்பதும் பிழை. லொம்பார்டியரும் காவோர் நகரத்தாரும் இத்தாலியப் பெருவணிகரும் அத்தொழிலில் பெரிதும் ஈடுபட்டனர்.

இங்கிலாந்தின் நிகழ்வுகள் இவ்விலக்கின் விலையைக் காட்டுகின்றன. லிங்கன் நகரின் ஆரோன் 1186-இல் இறந்தபோது அவருக்கு வரவேண்டிய கடன்களை அரசே எடுத்துக்கொண்டு, அவற்றை வசூலிக்கத் தனிக் கணக்கறை அமைத்தது. யூதர் வாங்கிய வட்டியின் இறுதிப் பயனாளி எவர் என்பதை இது விளக்கும். 1190 மார்ச் மாதம் யார்க் நகரில் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த யூதர் மாண்டனர். அதன்பின் அக்கூட்டத்தினர் பேராலயத்தில் வைக்கப்பட்டிருந்த கடன் முறிகளைக் கொளுத்தினர். கலகத்தை நடத்தியோருள் கடன்பட்ட பிரபுக்களும் இருந்தனர். அரசு இதற்கு அளித்த விடை, 1194-இல் கடன் முறிகளின் படியைப் பூட்டிய பேழைகளில் பாதுகாக்க ஏற்பாடு செய்தது. காக்கப்பட்டவை அரசின் வருவாய்க்கு ஆதாரமான முறிகள். 1275-இல் முதலாம் எட்வர்ட் யூதர் வட்டி வாங்குவதைத் தடுத்தார்; 1290-இல் அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றினார். அவர்களுக்கு வரவேண்டிய கடன் அரசரைச் சேர்ந்தது.

ஏழையைக் காக்க எழுந்த சட்டத்தின் ஒரு வசனம், இவ்வாறு ஒரு சிறுபான்மைச் சமூகத்தை ஆட்சியாளரின் வசூல் கருவியாக்கி, மக்களின் சினத்துக்கு இலக்காக்குவதற்கும் பயன்பட்டது.

8. கடனிலிருந்து கூட்டுவணிகத்துக்கு

16-ஆம் நூற்றாண்டில் வணிகம் பெருகியபோது இரு சமயத்தாரும் ஒருவரையொருவர் சாராமல் ஒத்த தீர்வை அடைந்தனர். கத்தோலிக்க அறிஞர் யோகான் எக், ஃபுகர் வணிகக் குடும்பத்தின் ஆதரவுடன் 1515-இல் பொலோஞ்ஞாவில் ‘மூவொப்பந்தம்’ என்னும் முறையை ஆதரித்து வாதிட்டார். முதலீட்டாளர் வணிகருடன் கூட்டுச் சேர்கிறார். முதலுக்குக் காப்புறுதி பெறுகிறார். ஐயமான பேரிலாபத்தை உறுதியான 5 விழுக்காட்டுக்கு விற்றுவிடுகிறார். மூன்றும் தனித்தனியே முறையானவை. சேர்த்துப் பார்த்தால் 5 விழுக்காடு வட்டி. போலந்து யூதரிடையே இதே காலத்தில் ‘ஹெத்தேர் இஸ்கா’ உருப்பெற்றது. கொடுக்கும் பணத்தில் ஒரு பாதி கடனாகவும் மறுபாதி கூட்டுவணிகத்தின் முதலாகவும் கருதப்படும். இன்றும் இஸ்ரேலின் வங்கிகள் இவ்வொப்பந்தத்தின்கீழ் இயங்குகின்றன.

இவற்றை வெறும் ஏய்ப்பு எனத் தள்ளுவது எளிது. ஆனால் இரண்டும் ஒரு கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை: இடரில் பங்கேற்பவரே இலாபத்தில் பங்கு கேட்கலாம். இடரைச் சொல்லளவில் மட்டும் வைத்துக்கொண்டது அம்முறைகளின் குறை.

9. சகோதரன் என்னும் சொல்லின் முடிவு

ஜான் கால்வின் 1545-இல் எழுதிய மடல் இவ்வேற்பாடுகளைத் தேவையற்றவையாக்கியது. உபாகமத்தின் தடை பண்டை யூத நாட்டின் அரசியல் ஒழுங்கு, அது பிற்காலத்தாரைக் கட்டுப்படுத்தாது என அவர் வாதிட்டார். ஆனால் ஏழையிடம் வட்டி கூடாது, கொடுப்பவர் தமக்கு விரும்பும் நியாயத்தையே வாங்குபவருக்கும் செய்ய வேண்டும், பொதுநலம் கெடலாகாது என நிபந்தனைகளும் விதித்தார். வரலாறு அவருடைய இசைவை எடுத்துக்கொண்டது; நிபந்தனைகளை விட்டுவிட்டது. சமூகவியலாளர் பெஞ்சமின் நெல்சன் 1949-இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தைக் குலச் சகோதரத்துவத்திலிருந்து அனைவரும் அயலாராகும் நிலைக்கு நிகழ்ந்த பெயர்ச்சி என விளக்கினார். இடைக்காலத் திருச்சபை அனைவரையும் சகோதரராக்கி வட்டியைத் தடுத்தது. புதுக்காலம் அனைவரையும் அந்நியராக்கி வட்டியை ஏற்றது.

இங்கிலாந்தின் சட்டங்களில் தயக்கம் நெடுநாள் நீடித்தது. எட்டாம் ஹென்றி 1545-இல் 10 விழுக்காடு வரை வட்டியைப் பொறுத்துக்கொண்டார். 1552-இல் முழுத்தடை மீண்டது. 1571-இல் வட்டி இறைச்சட்டப்படி பாவம் என்று கூறிக்கொண்டே 10 விழுக்காட்டு எல்லை மீட்கப்பட்டது. 1624-இல் எல்லையை 8 விழுக்காடாகக் குறைத்த சட்டம், தன்னைச் சமய நெறியிலோ மனச்சான்றிலோ வட்டிக்கு அளித்த இசைவாகக் கொள்ளலாகாது என ஒரு விதியைச் சேர்த்தது. நாணத்தோடு எழுதப்பட்ட இச்சட்டங்களின் தொடர் 1854-இல் வட்டி வரம்பு முற்றிலும் நீக்கப்பட்டபோது முடிந்தது.

அச்சட்டங்களின் நிழல் இந்தியாவிலும் விழுந்தது. 1773-இன் ஒழுங்குமுறைச் சட்டம் இந்தியாவிலிருந்த பிரித்தானியக் குடிகளுக்கு 12 விழுக்காட்டு வரம்பை விதித்தது. இங்கிலாந்தில் வரம்பு நீங்கிய மறு ஆண்டே, 1855-இல், இந்தியாவிலும் வட்டி வரம்புச் சட்டங்கள் நீக்கப்பட்டன. 1875-இல் தக்காணத்துப் பூனா, அகமதுநகர் மாவட்டங்களின் உழவர்கள் கடன் முறிகளைக் கைப்பற்றி எரித்தனர். நிலவரி, பருத்தி விலை வீழ்ச்சி எனக் காரணங்கள் பல. ஆயினும் வரம்பில்லா வட்டியை நீதிமன்றம் வாய்மூடி நிறைவேற்றித் தரும் நிலையும் அவற்றுள் ஒன்று. 1918-இன் மிகைவட்டிக் கடன் சட்டம், நியாயமற்ற கடன் ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு மீண்டும் வழங்கியது. சென்னை மாகாணத்தில் 1938-இன் உழவர் கடன் நிவாரணச் சட்டம் கடனைக் குறைக்கவும் வழிசெய்தது. இவ்விரு சட்டங்களும் விவிலியத்தை மேற்கோள் காட்டியவை அல்ல. எனினும் ஒப்பந்தத்தில் கையெழுத்து உண்டு என்பதே ஒரு கடனை நியாயமாக்கிவிடாது என்னும் பழைய கொள்கைக்கு அவை திரும்பின.

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லேவியராகமம் 25 வேறொரு களத்தில் பேசப்பட்டது. வறிய நாடுகளின் அயற்கடனை நீக்கக் கோரிய ‘யூபிலி 2000’ இயக்கம் தன் பெயரையும் வாதத்தையும் அவ்வதிகாரத்திலிருந்து பெற்றது. 1998 மே மாதம் பர்மிங்காமில் பெருநாடுகளின் மாநாடு கூடியபோது ஏறத்தாழ 70,000 பேர் கைகோத்து நின்றனர். மறு ஆண்டு கொலோன் மாநாட்டில் கடன் நிவாரணத் திட்டம் விரிவாக்கப்பட்டது.

10. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, விவிலியத்தின் வட்டித் தடை எந்தக் காலத்திலும் வட்டியை ஒழிக்கவில்லை. ஆனால் அதனை ஏற்ற சமூகங்களில் வட்டி இயல்பானதாக நடமாட முடியவில்லை. புரோஸ்புலும் இன்டெரெஸ்ஸேயும் மூவொப்பந்தமும் ஹெத்தேர் இஸ்காவும் கடன் கொடுத்தவர் தம் உரிமைக்கும் ஆதாயத்துக்கும் கூறிய விடைகள். கேள்வி இருந்தமையால்தான் விடை வேண்டியிருந்தது. 1854-க்குப் பின் விடை தேவைப்படவில்லை. கேள்வி நின்றுவிட்டது என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, இச்சட்டத்தின் காப்பு எல்லை ‘சகோதரன்’ என்னும் சொல்லின் எல்லையே. அச்சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் அதன் சுமையை ஏற்றனர். யார்க் நிகழ்ச்சி இதற்குக் கொடிய சான்று.

மூன்றாவது, ஒவ்வொரு காலத்தும் நிகழ்ந்த சட்டத் தளர்வு வணிகக் கடனைக் காட்டி நியாயப்படுத்தப்பட்டது. பிழைப்புக் கடனுக்கும் அது விரிந்தது. அம்மிசதுக்காவின் ஆணை முதற்கொண்டு கால்வின் மடல் வரை இரண்டையும் பிரித்தே பேசின. அப்பிரிவைக் கைவிட்டது நடைமுறையே. ஆடையை அடகு வைத்த ஏழைக்கும் கப்பலுக்கு முதல் திரட்டும் வணிகருக்கும் ஒரே விதி பொருந்துமா என்னும் வினாவை விவிலியக் கடன் சட்டங்கள் இன்றைய சட்டமியற்றுவோர் முன்னும் வைக்கின்றன.